ஹார்ட்வேர் வாலட் வந்துவிட்டது, காயினை ஏற்றும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

மேலூர்_மைந்தன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நான்கு வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பிட்காயினும் கொஞ்சம் ஈத்தரும் ஒரு எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் கிடந்தன, பேர் வேண்டாம். போன வருடம் திடீரென்று வித்டிராவலை நிறுத்திவிட்டார்கள். நாலு மாதம் அப்படியே கிடந்தது. காலையில் எழுந்ததும் முதல் வேலை ஆப்பைத் திறந்து பார்ப்பது, அதே மஞ்சள் பட்டியில் அதே அறிவிப்பு இருக்கும், மூடிவிட்டு வேலைக்குப் போவேன். ஒரு வழியாகத் திறந்துவிட்டார்கள். இனிமேல் அடுத்தவர் பெட்டியில் வைப்பதில்லை என்று முடிவெடுத்து, காயினின் சாவியை இணையத்துக்கு வெளியே வைத்திருக்கும் ஹார்ட்வேர் வாலட் சாதனம் ஒன்று, ட்ரெசார் சேஃப் 3, வாங்கியிருக்கிறேன். நேற்று ராத்திரிதான் பெட்டியைப் பிரித்தேன்.

கணினியில் இணைத்தேன், சாதனம் போனாலும் காயினை மீட்க உதவும் பேக்கப் என்று 20 வார்த்தை காட்டியது. என் நண்பன் வைத்திருப்பது வேறு கம்பெனி, அவனுக்கு 24 வார்த்தை வந்ததாம். "20 வார்த்தை என்று ஒன்று கிடையவே கிடையாது, உனக்குப் போலியைத் தள்ளிவிட்டார்கள்" என்கிறான். பயத்தில் வயரைப் பிடுங்கிவிட்டேன். இது போலியா? அசல் என்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும், இந்த வார்த்தைகளை வீட்டில் எங்கே வைப்பது, பாஸ்ஃப்ரேஸ் என்று ஒன்று கேட்கிறதே அதைப் போடலாமா? அடிப்படையிலிருந்து சொன்னால் நன்றாக இருக்கும். இது மகள் படிப்புக்கு வைத்த பணம்.

---

பழைய_சாவி எழுதியது:

முதலில் மூச்சு விடுங்கள் நண்பரே, 20 வார்த்தை வந்ததால் போலி ஆகிவிடாது. பெரும்பாலான வாலட்கள் பின்பற்றுவது பிப் 39 என்ற முறை, அதில் 12 அல்லது 24 வார்த்தை வரும், 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து. ட்ரெசாரின் புதிய மாடல்கள் இயல்பாகத் தருவது ஸ்லிப் 39 என்ற வேறு முறை. அதன் பட்டியலில் 1024 சொற்கள்தான், பேக்கப் 20 வார்த்தை. உங்கள் நண்பர் அதைப் பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: இந்த 20 வார்த்தையை லெட்ஜர் என்ற இன்னொரு கம்பெனி வாலட்டில் போட்டால் எடுத்துக்கொள்ளாது, படிக்கத் தெரிந்த வாலட்கள் குறைவு. அது உறுத்தினால் அமைக்கும்போதே 12 அல்லது 24 வார்த்தை என்று மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. எந்த முறை என்பதை வார்த்தைகளோடு சேர்த்தே குறித்து வையுங்கள். பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்ப்பவருக்கு 20 சொற்களை மட்டும் வைத்து ஒன்றும் புரியாது.

அசலா போலியா என்பதற்கு வேறு அடையாளங்கள் இருக்கின்றன. யுஎஸ்பி துளை மேல் ஹாலோகிராம் ஒட்டு இருந்ததா? நல்லது, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். 2023-ல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு போலி ட்ரெசார் மாடல் டி-யைப் பிரித்துப் பார்த்தார்கள். வெளியே ஒட்டெல்லாம் ஒழுங்காகவே இருந்தது, உள்ளே சிப்பையே மாற்றியிருந்தார்கள். புதிதாக வார்த்தை உருவாக்குவது போல் காட்டிவிட்டு, திருடன் முன்பே தயாரித்து வைத்திருந்த 20 தொகுப்புகளில் ஒன்றைத்தான் அது கொடுத்தது. வாங்கியவர் காயின் போட்டார், வேறொருவர் எடுத்துக்கொண்டார். சாதனம் அவர் வீட்டிலேயேதான் இருந்தது.

உங்கள் மாடலில் செக்யூர் எலிமென்ட் என்று ஒரு பாதுகாப்புச் சிப் இருக்கிறது. ட்ரெசார் சூட் என்ற அவர்களுடைய கணினி ஆப் முதல் தடவை அதனிடம் ஒரு சவாலை அனுப்பி, தொழிற்சாலையில் போட்ட கையொப்பத்தைச் சரிபார்க்கும். அந்தச் சோதனையைத் தாண்டாமல் மேலே போகாதீர்கள். அசல் சாதனம் ஃபர்ம்வேர் (அதை இயக்கும் உள் நிரல்) இல்லாமல்தான் வரும், சூட்தான் முதல் தடவை ஏற்றும். நேற்று முதல் தடவை இணைத்தபோதே, ஏற்கெனவே ஏற்றியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் யாரோ முன்பு பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சூட்டை இறக்கும்போது கூகுளில் தேடி முதலில் வருவதைத் தட்டாதீர்கள், விளம்பர இடத்தில் போலித் தளங்கள் வரும். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஸ்டோரில் இருப்பதாலேயே அசல் என்றும் இல்லை. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே போலி லெட்ஜர் லைவ் ஆப் ஒன்று வந்து பலர் காயினைத் தூக்கிக்கொண்டு போனது.

அப்புறம், பெட்டிக்குள்ளேயே வார்த்தைகள் எழுதின அட்டை வந்தால் அதை உடனே ஒதுக்கிவிட வேண்டும். 2018 தொடக்கத்தில் பிரிட்டனில் ஒருவர் ஈபேயில் வாங்கிய லெட்ஜரோடு, லாட்டரிச் சீட்டு போலச் சுரண்டிப் பார்க்கும் அட்டை ஒன்று வந்தது. சுரண்டியதும் வார்த்தைகள் தெரிந்தன, அழகாக அச்சடித்திருந்தார்கள், அவரும் நம்பிவிட்டார். சேமிப்பெல்லாம் போனது. வார்த்தைகள் உங்கள் கண் முன், சாதனத்தின் சின்னத் திரையில்தான் பிறக்க வேண்டும். வேறு எங்கிருந்து வந்தாலும் அவை உங்களுடையவை இல்லை.

நேற்று பாதியில் பிடுங்கியதால் நஷ்டம் ஒன்றுமில்லை. அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள். அறையில் வேறு யாரும் வேண்டாம், போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

---

சிங்கை_செல்வி எழுதியது:

சாவி அண்ணன் போனைத் தள்ளி வைக்கச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தெரிந்து நிறையப் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். "ஒரே ஒரு போட்டோ, காகிதம் தொலைந்தால் உதவும்" என்று எடுப்பார்கள். அது அடுத்த நிமிடமே கூகுள் போட்டோஸுக்கோ ஐகிளவுடுக்கோ தானாக ஏறிவிடும். 2025 பிப்ரவரியில் ஸ்பார்க்கேட் என்று ஒரு தீநிரல் பிடிபட்டது, அதன் வேலையே கேலரியில் உள்ள படங்களில் எழுத்துகளைப் படித்து சீட் வார்த்தைகளை, அதாவது இந்த பேக்கப் வார்த்தைகளைத் தேடுவதுதான். கூகுள் பிளேயில் மட்டுமல்ல, ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் இருந்தது. வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது, ஜிமெயில் டிராஃப்ட், எக்செல் ஷீட், எல்லாம் ஒரே ஆபத்துதான்.

இன்னொன்று, வாங்கும்போது கொடுக்கும் முகவரி. 2020-ல் லெட்ஜரின் வாடிக்கையாளர் தகவல்கள் கசிந்தன. சாதனத்தை யாரும் உடைக்கவில்லை, விற்பனைப் பக்கத் தரவுத்தளத்தைத்தான் எடுத்தார்கள். சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் அந்த டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டது. அடுத்த வருடம் அந்த முகவரிகளுக்குத் தபாலில் இலவசமாகப் "புதிய பாதுகாப்பான சாதனம்" வந்தது, கம்பெனி கடிதத்தோடு. உள்ளே கூடுதலாக ஒரு சிப் ஒட்டியிருந்தது. க்யூஆர் கோடு போட்ட காகிதக் கடிதங்கள் பின்னாலும் வந்தன, ஸ்கேன் செய்தால் 24 வார்த்தையைக் கேட்கும் பக்கத்துக்குப் போகும்.

ஆக எந்தக் கடிதமும் எந்த மெயிலும் "அவசரம், வார்த்தைகளை உள்ளிடுங்கள்" என்று சொன்னால் கிழித்துப் போடுங்கள். வார்த்தைகளை உள்ளிடும் ஒரே இடம் அந்தச் சாதனம். கணினி விசைப்பலகையில் ஒரு எழுத்துகூடத் தட்டக் கூடாது. நான் பார்சலை அலுவலக முகவரிக்கு வரவழைத்தேன், இதற்கென்றே தனி மெயில் முகவரி வைத்திருக்கிறேன்.

ஊரில் யாரிடமும் பெருமையாகச் சொல்லவும் வேண்டாம். லெட்ஜரின் இணை நிறுவனர் டேவிட் பாலாண்டையே 2025 ஜனவரியில் பிரான்சில் வீடு புகுந்து மனைவியோடு கடத்தினார்கள், விரலை வெட்டினார்கள். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

---

தணிகை22 எழுதியது:

எல்லாம் சரி, நான் ஒரு கேள்வி கேட்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் போனதே, அந்தப் பணம் இருந்த வாலட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் வைத்திருந்ததும் ஹார்ட்வேர் வாலட்தானே? அவர்களாலேயே காப்பாற்ற முடியவில்லை என்றால் இந்த எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் சாதனத்தை வாங்கி நாம் என்ன சாதிக்கப் போகிறோம்? போனில் நல்ல வாலட் ஆப் ஒன்று போட்டுக்கொண்டால் போதாதா?

---

பழைய_சாவி எழுதியது:

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துகொள்ளாமல் சாதனம் வாங்குபவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த வாலட் ஒருவர் கையெழுத்தில் திறப்பது இல்லை. ஆறு பேர் கையெழுத்து உரிமை: ஐந்து பேர் வசீர்எக்ஸ், ஒருவர் லிமினல் என்ற காவல் நிறுவனம். வசீர்எக்ஸ் ஆட்கள் மூன்று பேர் போட்ட பிறகு லிமினல் கடைசியாகப் போட வேண்டும். அந்த மூன்று பேரும் லெட்ஜரில்தான் போட்டார்கள். கணினித் திரையில் வழக்கமான பரிமாற்றம் போலத் தெரிந்தது, உண்மையில் கையெழுத்தானது வாலட்டின் கட்டுப்பாட்டையே வேறொருவருக்குக் கொடுக்கும் கட்டளை. தவறு எந்தப் பக்கம் என்று இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று கைகாட்டின. நமக்கு வேண்டியது இது: சாதனத்தின் சின்னத் திரை அந்தக் கட்டளையை மனிதர் படிக்கும்படி காட்டவில்லை. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கியது மாதிரி. இதற்கு பிளைண்ட் சைனிங் என்று பேர்.

2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான், ஏறத்தாழ 150 கோடி டாலர் ஈத்தர். அங்கே கையெழுத்துப் போடும் இணையப் பக்கத்தின் நிரலையே மாற்றியிருந்தார்கள். வட கொரிய ஆட்கள் என்று எஃப்பிஐ சொன்னது.

நம் மாதிரி ஆட்களுக்கு இதில் நல்ல செய்தி இருக்கிறது. ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்கு பிட்காயின் அனுப்புவது எளிய விஷயம், சாதனத் திரை முகவரியையும் தொகையையும் முழுசாகக் காட்டிவிடும். நாம் அதைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். கணினியில் கிளிப்போர்டை மாற்றும் தீநிரல் இருந்தால் நீங்கள் காப்பி செய்த முகவரி ஒன்று, பேஸ்ட் ஆவது வேறு. முதல் நாலு, கடைசி நாலு எழுத்து மட்டும் பார்க்கும் பழக்கமும் போதாது, அப்படி ஒத்துப்போகும் முகவரிகளைத் திருடர்கள் வேண்டுமென்றே தயாரிக்கிறார்கள். கணினித் திரையைப் பார்க்காதீர்கள், சாதனத் திரையைப் பார்த்து முழு முகவரியையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஈத்தர் விஷயத்தில், சேமிப்பு வாலட்டை எந்த டிஃபை தளத்தோடும் (காயினைக் கடன் கொடுக்க, மாற்ற என்று நிரலே நடத்தும் தளங்கள்) இணைக்காதீர்கள். விளையாட வேண்டும் என்றால் சின்னத் தொகையோடு தனி வாலட்.

போன் ஆப் போதுமா என்றால், செலவுக்கு வைத்திருக்கும் தொகைக்குப் போதும். ஆனால் சாவி போனிலேயே இருக்கிறது, போனில்தான் நூறு ஆப் இருக்கின்றன. மகள் படிப்புப் பணத்தை நான் அங்கே வைக்க மாட்டேன்.

---

தணிகை22 எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். இவ்வளவு நாள் ஹார்ட்வேர் வாலட் என்றால் தானாகவே பாதுகாக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கணக்குப் பார்க்கும் ஆள், என் பங்குக்கு ஒன்று. எக்ஸ்சேஞ்சிலிருந்து சொந்த வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை இல்லை. ஆனால் விற்கும்போது 30 சதவீத வரி (2022 ஏப்ரல் 1 முதல்), அதற்கு மேல் செஸ், 1 சதவீத டிடிஎஸ் (2022 ஜூலை 1 முதல்) எல்லாம் உண்டு. வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லாவிட்டால் கஷ்டம். எக்ஸ்சேஞ்சை விட்டு வரும் முன் முழுப் பரிவர்த்தனை விவரத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அந்த ஆப் இருக்குமோ இருக்காதோ. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவைச் சொத்தாகவே ஏற்றது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு. எக்ஸ்சேஞ்சில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்மணியின் எக்ஸ்ஆர்பி காயின்கள் பற்றிய வழக்கு. உங்களுடையது என்று காட்டத் தாள் வேண்டும்.

---

அரைக்கீரை எழுதியது:

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவட்டும்.

24 வார்த்தை வாலட், 2021-ல் அமைத்தது. ரொம்ப யோசித்து ஒரு காரியம் செய்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது டைரியைப் புரட்டினாலும் இன்னதென்று தெரியக் கூடாது என்று வார்த்தைகளை ஆங்கிலத்தில் எழுதாமல் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தேன். மளிகைக் கணக்குக்கு நடுவில். பார்த்தால் ஏதோ கிறுக்கல் மாதிரிதான் இருக்கும். எனக்கு அதில் ரொம்பத் திருப்தி.

போன ஆடியில் மாடித் தொட்டி கழுவும்போது சட்டைப் பையிலிருந்து சாதனம் தண்ணீருக்குள் போனது. போனால் என்ன, வார்த்தை இருக்கிறதே என்று புதுசு வாங்கி, டைரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பதாவது வார்த்தை "கோட்". ஆட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்வதும் கோட். கணினி நிரலுக்குச் சொல்வதும் கோட். தமிழில் எழுதினால் க ஒன்றுதான், ட ஒன்றுதான். இரண்டு சொல்லும் அந்த 2048 பட்டியலில் இருக்கின்றன! இது போதாதென்று பதினேழாவது வார்த்தை "கோஸ்ட்". கடற்கரையா, பேயா? அதுவும் இரண்டும் பட்டியலில் உண்டு.

கை நடுங்கியது. நாலு விதமாகச் சேர்த்துப் பார்க்கலாம். முதல் மூன்றும் செல்லாது என்று வந்தது, நாலாவது திறந்தது. ஆடும் கடற்கரையும். கடைசி வார்த்தைக்குள் ஒரு சரிபார்ப்பு ஒளிந்திருப்பதால்தான் தப்பித்தேன் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், 24 வார்த்தையில் தப்பான சேர்க்கை தற்செயலாகச் செல்லுபடியாவது 256-ல் ஒரு தடவைதானாம். இன்னும் நாலைந்து வார்த்தை அப்படி இருந்திருந்தால் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பேனோ.

ஆங்கிலத்திலேயே, பெரிய எழுத்தில், தனித்தனியாக எழுதுங்கள். சேர்த்தெழுத்து வேண்டாம். என் மச்சான் ஆங்கிலத்தில் எழுதினால் கார், பூனைக்குச் சொல்லும் கேட், இரண்டிலும் கடைசி எழுத்து ஒரே மாதிரி விழும்.

---

சிங்கை_செல்வி எழுதியது:

அரைக்கீரை அண்ணா, படிக்கும்போதே எனக்கு வியர்த்துவிட்டது. ஜப்பான், கொரியா, ஸ்பானிஷ், பிரெஞ்சு எல்லாவற்றுக்கும் பிப் 39 முறையில் தனிப் பட்டியல் இருக்கிறது, தமிழுக்கு இல்லை. இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை.

---

பம்ப்செட் எழுதியது:

எங்கே வைப்பது என்று கேட்டிருந்தார். காகிதம் நம் ஊருக்குத் தாங்காது. எங்கள் வீட்டில் பத்திரப் பெட்டியையே கரையான் தின்றிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை பேர் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்த பத்திரங்கள் கூழாகின என்று பார்த்தோமே. லேமினேஷன் செய்யலாம் என்பார்கள், அதற்குக் கடைக்காரர் கையில் கொடுக்க வேண்டும், அதோடு முடிந்தது.

நான் பட்டறை வைத்திருப்பவன், என் வழி இது. எவர்சில்வர் வாஷர், 304 கிரேடு, வெளி விட்டம் 24 மில்லி இருக்கும் அகல வாஷர், உங்களுக்கு 20 வேண்டும், நாலைந்து கூடவே வாங்குங்கள். 3 மில்லி லெட்டர் பஞ்ச் செட் ஒன்று, ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். ஒரு வாஷருக்கு ஒரு வார்த்தை, அதில் முதல் நாலு எழுத்து மட்டும் அடித்தால் போதும். பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நாலு எழுத்து ஒன்றாக இருக்காது, அப்படிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆக 80 அடி. பின்பக்கம் வரிசை எண்ணையும் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் கோர்த்தது அவிழ்ந்தால் கதை முடிந்தது.

அடிக்கும்போது மர மேசை மேல் வைக்காதீர்கள், மரம் அடியை உறிஞ்சிவிடும், எழுத்து பாதிதான் பதியும். கனமான இரும்புத் துண்டு அடியில் வேண்டும். பஞ்சை நேராக நிறுத்தி ஒரே அடி, நல்ல அடி. இரண்டாவது அடி அடித்தால் பஞ்ச் நகர்ந்து எழுத்து இரட்டையாக விழும், எவர்சில்வரில் அதை அழிக்க முடியாது. முதலில் கூடுதலாக வாங்கிய வாஷரில் பழகிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரு போல்ட்டில் கோர்த்து நட்டை இறுக்குங்கள். நைலான் வைத்த நட்டு வேண்டாம், தீயில் உருகும். எவர்சில்வர் உருக ஏறக்குறைய 1400 டிகிரி வேண்டும், வீட்டுத் தீ சாதாரணமாக அந்த அளவுக்குப் போகாது.

முக்கியமாக, பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருபவரிடம் கொடுத்து வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார், "அண்ணே, உங்கள் பையன்களை விட்டு அடித்துக் கொடுங்கள்" என்று. நான் பஞ்சையும் சுத்தியலையும் அவர் கையில் கொடுத்து, ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே நின்றேன்.

முதலில் எழுதிய காகிதத்தை எரித்துவிடுங்கள். நோட்டில் வைத்து எழுதினால் அடித்தாளில் தடம் விழும், கண்ணாடி மேல் ஒற்றைத் தாளை வைத்து எழுதுவதுதான் நல்லது.

---

மேலூர்_மைந்தன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் இரண்டு தடவை படித்தேன். அசல் சோதனை தாண்டிவிட்டது, ஃபர்ம்வேர் இல்லாமல்தான் வந்திருந்தது. 20 வார்த்தையிலேயே இருக்கப் போகிறேன். வாஷர் வாங்கிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை அடிப்பேன். பாஸ்ஃப்ரேஸ் மட்டும் இன்னும் புரியவில்லை. அது பாஸ்வேர்டு மாதிரிதானே?

---

பழைய_சாவி எழுதியது:

இல்லை, அப்படி நினைப்பதில்தான் ஆபத்து. பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டால் "தவறு" என்று வரும். பாஸ்ஃப்ரேஸ் என்பது பேக்கப் வார்த்தைகளோடு நீங்களே சேர்க்கும் கூடுதல் சொல், அதைத் தப்பாகப் போட்டால் எந்தத் தகவலும் வராது, வேறொரு வாலட் திறக்கும், காலியாக இருக்கும். ஒவ்வொரு பாஸ்ஃப்ரேஸுக்கும் ஒரு வாலட் உண்டு. ஒரு எழுத்து பெரிதாகிப் போனாலும், கடைசியில் ஒரு இடைவெளி சேர்ந்துவிட்டாலும் வேறு வீடு. மறந்தால் மீட்கக் கம்பெனியாலும் முடியாது.

பயன் இல்லை என்று சொல்லவில்லை. 2020-ல் கிராக்கன் என்ற எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்புக் குழு பழைய ட்ரெசார் மாடல்களைக் கையில் எடுத்து 15 நிமிடத்தில் சீட் வார்த்தைகளை உருவிக் காட்டியது, பாஸ்ஃப்ரேஸ் வைத்திருந்தவர்களுக்கு அப்போதும் பயமில்லை. உங்கள் மாடலில் செக்யூர் எலிமென்ட் வந்த பிறகு அந்த வழி கடினமாகிவிட்டது. வார்த்தைத் தகடு யார் கையிலாவது கிடைத்தாலும் காயின் போகாமல் இருக்க வேண்டும் என்றால் அது இன்னும் உதவும். ஆனால் முதல் வருடம் வேண்டாம் என்பது என் கருத்து. நான் பார்த்தவரை திருட்டில் போனதைவிட, தானே போட்ட பூட்டுக்குத் தானே சாவியைத் தொலைத்தவர்கள் அதிகம்.

---

சிங்கை_செல்வி எழுதியது:

இதில் மட்டும் அண்ணனோடு முழுசாக ஒத்துப்போகவில்லை. நான் வாடகை வீட்டில் ஆறு பேரோடு இருக்கிறேன், தகடு யார் கண்ணிலும் படாது என்று சொல்லவே முடியாது. எனக்குப் பாஸ்ஃப்ரேஸ் அவசியம், அதையும் எழுதி வேறு இடத்தில் வைத்திருக்கிறேன், நினைவை நம்பவில்லை. ஆனால் சொந்த வீட்டில் இருப்பவருக்கு, அதுவும் முதல் தடவை அமைப்பவருக்கு, அண்ணன் சொல்வது சரிதான்.

---

பழைய_சாவி எழுதியது:

செல்வி சொல்வது நியாயம், அவரவர் இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

மைந்தன், ஞாயிறு தகடு அடித்து முடித்ததும் உடனே முழுத் தொகையையும் ஏற்றிவிடாதீர்கள். சின்னத் தொகை ஒன்றை மட்டும் எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்புங்கள், கட்டணம் கொஞ்சம் போகும், போகட்டும். வந்து சேர்ந்ததும் சாதனத்தை முழுசாக அழித்துவிடுங்கள், சூட்டில் அதற்கு வழி இருக்கிறது. பிறகு காகிதத்தைப் பார்க்காமல், வாஷரை மட்டும் பார்த்து மீட்டெடுங்கள். அந்தச் சின்னத் தொகை திரும்பக் கண்ணில் பட்டால்தான் உங்கள் பேக்கப் பேக்கப். அழிக்காமலே பேக்கப்பைச் சரிபார்க்கும் வசதியும் சூட்டில் உண்டு, வருடம் ஒரு தடவை அதைச் செய்யலாம். முதல் தடவை மட்டும் நிஜமாகவே அழித்துப் பாருங்கள். வெறும் இருநூறு, முந்நூறு ரூபாய் இருக்கும்போது பயந்து பழகிக்கொள்வது நல்லது.

பின் நம்பரை மறந்தாலும் இதே கதைதான். லெட்ஜரில் மூன்று தடவை, ட்ரெசாரில் 16 தடவை தப்பாகப் போட்டால் சாதனம் தானே அழிந்துவிடும், வார்த்தை இருந்தால் கவலையே வேண்டாம். பிறந்த வருடத்தைப் பின்னாக வைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. வீட்டில் யாருக்குத் தெரியும்?

---

மேலூர்_மைந்தன் எழுதியது:

மனைவிக்குச் சாதனம் இருப்பது தெரியும். எப்படித் திறப்பது என்று தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

---

பம்ப்செட் எழுதியது:

சொல்லிக் கொடுங்கள் தம்பி. பேங்க் என்றால் நாமினி இருக்கிறார், மேனேஜர் இருக்கிறார். இதில் யாரும் கிடையாது. எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர் மாரடைப்பில் போய்விட்டார், போனில் ஏதோ வைத்திருந்தார் என்று அவர் பையன் இன்றைக்கும் என்னிடம் வந்து கேட்கிறான். நான் என்ன சொல்வது.

---

மேலூர்_மைந்தன் எழுதியது:

எட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஞாயிறு மதியம் வாஷர் அடித்தேன். முதல் ஆறு கோணலாக வந்தது, பிறகு கை பழகிவிட்டது. ஆட்டுக்கல்லைக் கவிழ்த்து அதன் மேல் பழைய தராசுப் படிக்கல் ஒன்றை வைத்து அடித்தேன், ஐந்து கிலோ இரும்பு. திங்கள் ராத்திரி சின்னத் தொகை அனுப்பினேன். முகவரியைச் சாதனத் திரையில் வாய்விட்டுப் படித்தேன், மகள் என்னப்பா மந்திரம் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். அரை மணியில் வந்து சேர்ந்தது.

அழிக்கும் பொத்தானை அழுத்தத்தான் மனம் வரவில்லை. ஒரு நாள் தள்ளிப் போட்டேன். பிறகு, எனக்குப் பதில் மனைவியை மீட்கச் சொன்னால் என்ன என்று தோன்றியது. சாதனத்தை அழித்து, வாஷர் கோர்த்த போல்ட்டையும் ஒரு ஸ்பானரையும் கையில் கொடுத்தேன். எந்த முறை, எந்த ஆப் என்று ஒரு தாளில் எழுதியிருந்தேன், அதையும் கொடுத்துவிட்டு நான் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். உதவிக்குக் கூப்பிடக் கூடாது என்று பேச்சு.

இரண்டே பட்டன், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்ட வேண்டும். முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு கட்டத்தில் உள்ளே சத்தமே இல்லை, நான் எழுந்து கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அப்புறம் கூப்பிட்டாள். பிட்காயின் கணக்கில் அந்தச் சின்னத் தொகை அப்படியே இருந்தது.

ஏழாவது வாஷரில்தான் மாட்டிக்கொண்டாளாம். மூன்றாவது எழுத்து ஓ-வா, டி-யா என்று தெரியவில்லை, இடது பக்கம் சரியாகப் பதியவில்லை. ஓ என்று போட்டதும் அப்படி ஒரு சொல்லே பட்டியலில் இல்லை என்று சாதனம் மேலே எழுத்து தராமல் நின்றுவிட்டது, டி போட்டதும் சொல் வந்ததாம். எனக்குத் தெரிந்த சொல் என்பதால் நான் மீட்டிருந்தால் அதைக் கவனித்தே இருக்க மாட்டேன்.

மீதித் தொகையை இன்னும் அனுப்பவில்லை. நாளைக்கு அந்த ஏழாவது வாஷரை மட்டும் புதிதாக அடித்துக் கோர்த்துவிட்டு அனுப்புகிறேன்.